பெய்ஜிங்கில் வட்டம் நடக்கும் அக்கா மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது மனசிலேயே நிற்கிறது. "மாமா, மூணு மாசமா வட்டமா நடக்க மட்டும்தான் விடுறாங்க. கையை எப்பத்தான் சொல்லிக்கொடுப்பாங்க?" உனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது, நானும் சரியென்று வைத்துவிட்டேன். வட்டமாக நடந்தே பழகும் சீனத் தற்காப்புக் கலையான பாகுவாவைப் பழகுகிற வேறு யாருக்காவது பயன்படலாம் என்பதால், சொல்ல நினைத்ததை எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நீ கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். அங்கே வேலை பார்த்த நான்கு வருடமும் விடிகாலையில் சொர்க்கக் கோயில் பூங்காவுக்குப் போவேன். 1420-ல் கட்டிய கோயில். சுற்றிலும் பல நூறு வருடத்து சைப்ரஸ் மரங்கள். அதில் ஒரு மரத்தடியில் மட்டும் புல் முளைக்காமல், களத்துமேட்டில் மாடு சுற்றிய தடம் போல மண் வளையம் ஒன்று இருந்தது. தினமும் யாராவது நடந்து நடந்து இறுகிப்போன மண். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் அந்த வளையத்தைக் காட்டி, நடக்கச் சொல்லிவிட்டு டீ பிளாஸ்க்கோடு போய் உட்கார்ந்துவிட்டார். அப்படியே ஐந்து மாதம் போனது.

ஒருநாள் நான் காலை எடுத்து வைத்த அந்த நொடியில் "நில்" என்றார். நின்றேன். பக்கத்தில் வந்து, தன் துணிச் செருப்பின் நுனியால் என் முன்காலை லேசாகத் தள்ளினார். கால் நகர்ந்தது, கூடவே நானும் சரிந்தேன். அப்புறம் அவர் நடந்து காட்டி, பாதியில் நின்று, தன் முன்காலைத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். தரையில் வைத்த காலித் தட்டு மாதிரி பாதம் நழுவிப் போனது. உடம்பு இம்மியும் அசையவில்லை. எடை முழுக்கப் பின்காலில்தான் இருந்தது. நடக்க வைத்து உனக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான் பாப்பா. காலியான கால் உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டும். தாய்ச்சி என்ற இன்னொரு சீனத் தற்காப்புக் கலையில் வெறுமை, நிறைவு என்று பிரிப்பதும் இதைத்தான்.

உன் ஆசிரியர் 'தாங் நீ பூ' என்று சொல்லியிருப்பார். சேற்றில் நடக்கும் நடை என்று அர்த்தம். பள்ளிக்கூட லீவில் நம் ஊர் வயலில் நீ நாற்று நடப் போனதை நினைத்துப் பார். உழுத சேற்றில் குதிகாலை ஊன்றி நடந்தால் கால் புதையும், பிடுங்க முடியாது. பாதத்தைத் தட்டையாக வைத்து, முன்னால் வழுக்கவிட்டுத்தான் போவோம். இங்கேயும் அதேதான். பாதம் தரையை ஒட்டியே போகும். ஒரு கணுக்கால் இன்னொன்றை உரசுகிற மாதிரி கடக்கும். தொடைகள் கத்தரிக்கோல் போல நெருங்கி விலகும். தலை மட்டும் ஏறி இறங்கக் கூடாது. உன் பாட்டி தண்ணிக்குடத்தைத் தலையில் வைத்து நடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ, அதை உனக்கு விளக்கத் தேவையில்லை.

கை எப்போது என்று கேட்டாய் இல்லையா, அதற்கும் சொல்கிறேன். பாகுவாவைப் பெய்ஜிங்கில் பரப்பிய டோங் ஹாய்ச்சுவான் 1882-ல் இறந்தார். அவரிடம் வந்த பெரிய சீடர்கள் ஏற்கெனவே வேறு வித்தை தெரிந்தவர்கள். மூக்குக்கண்ணாடி வியாபாரம் செய்த செங் டிங்ஹுவா மல்யுத்தக்காரர். யின் ஃபூ வேறு வழியில் பழகியவர். அவரவருக்குத் தெரிந்ததன் மேல்தான் டோங் கட்டினார் என்பார்கள். அதனால்தான் யின் வழியில் கை மாட்டு நாக்கு மாதிரி விரல் சேர்ந்து நீளும், செங் வழியில் டிராகன் நகம் மாதிரி விரிந்து நிற்கும். கை அப்படி ஆளுக்கு ஆள் மாறினாலும் வட்டம் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது. செங்கிடம் பாகுவா கற்ற சுன் லூடாங் கடைசியில் சொந்தமாக ஒரு தாய்ச்சி முறையையே உண்டாக்கினார். அதைப் பார்த்த உடனே அடையாளம் சொல்லிவிடலாம். ஒரு கால் முன்னே போனால் மற்ற கால் பின்தொடர்ந்து வந்து சேரும். ஒருவருடைய வித்தையைக் காலில்தான் படிக்க முடிகிறது என்று நான் நம்புவது அதனால்தான்.

சரி, இப்போது முக்கியமான எச்சரிக்கை. திசை மாற்றும்போது 'கோ பூ', 'பாய் பூ' இரண்டும் வரும். கோ பூவில் வெளிக்கால், அதாவது வட்டத்துக்கு வெளிப்பக்கம் இருக்கிற கால், உள்பக்கம் திரும்பி, இரண்டு கால் நுனிகளும் ஒன்றையொன்று பார்க்கும். சீன எழுத்தில் எட்டு (八) எழுதுவது போல இருக்கும். பாய் பூவில் கால் வெளிப்பக்கம் திறக்கும். இரண்டாவது குளிர்காலத்தில், ஆறு டிகிரி மைனஸில், உடம்பு சூடேறுவதற்கு முன்னாலேயே நான் வேக வேகமாகத் திரும்பிப் பார்த்தேன். எடை ஏறிவிட்ட காலின் மேல் உடம்பைத் திருகினேன். முழங்காலின் உள்பக்கம் கத்தி குத்தியது போல ஒரு வலி. மாலைக்குள் வீங்கிவிட்டது, ஒன்றரை மாதம் படி ஏற முடியவில்லை.

முழங்கால் கதவுக் கீல் மாதிரி, முன்னும் பின்னும்தான் வேலை செய்யும். மருத்துவம் படிக்கிற உனக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் பயிற்சியின் சூட்டில் மறந்துபோகும். எவ்வளவு திரும்ப வேண்டுமோ அவ்வளவையும் கால் காலியாக இருக்கும்போதே, தொடை இடுப்போடு சேரும் மடிப்பிலிருந்து திருப்பி வைத்துவிடு. வைத்த பிறகுதான் எடை ஏற வேண்டும். ஏறிய பிறகு பாதம் போதவில்லை என்று தோன்றினால் விட்டுவிடு, திருத்தாதே. அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், தாழ உட்கார்ந்து நடக்கிற பழைய ஆட்களைப் பார்த்து ஆசைப்படாதே. மூன்று உயரங்கள் உண்டு, இந்த வருடம் உனக்கு மேல் உயரமே போதும். தடித்த ஷூவைக் கழற்றிவிட்டு மெல்லிய அடிப்பாகம் உள்ள துணிச் செருப்பு வாங்கு. பாதம் தரையை உணரட்டும்.

நேரம் கிடைத்தால் மேற்குப் பக்கம் வான்ஆன் கல்லறைக்கு ஒரு தடவை போய் வா. டோங்கின் சமாதியை 1981-ல் அங்கே மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் போனபோது சமாதிக்கு முன்னாலேயே ஒரு வயதான அம்மா மெதுவாக வட்டம் நடந்துகொண்டிருந்தார். முடிகிறவரை பேசாமல் நின்று பார்த்தேன்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், செய்வாயா? முதல் பனி விழுந்ததும், யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து எட்டு காலடியில் ஒரு வட்டம் நட. வெளியே வந்து தடத்தைப் பார். குதிகால் பக்கம் குழி ஆழமாக இருந்தால் எடை முன்கூட்டியே காலில் விழுகிறது. தடத்துக்கு முன்னால் பனி உழுததுபோல ஒதுங்கியிருந்தால் பாதம் நன்றாக வழுக்குகிறது. படம் எடுத்து அனுப்பு, உள்காலையும் வெளிக்காலையும் தனித்தனியாக.

அன்புடன்,
மாமா