டைகர் பீர் துவாஸில்தான் தயாரிக்கப்படும் என்று எழுதி வாங்குங்கள்

சிங்கப்பூர், 22 செப்டம்பர் 2012

ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், இயக்குநர் சபையினருக்கும், டைகர் பீரைத் தயாரிக்கும் ஆசியா பசிபிக் புருவரீஸில் உள்ள பங்கை விற்பது குறித்து வரும் 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை வாக்களிக்கவிருக்கும் பங்குதாரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் பெயரில் உங்கள் நிறுவனத்தின் பங்கு ஒன்றுகூட இல்லை. ஆகவே உங்கள் சிறப்புப் பொதுக் கூட்டத்தில் எனக்கு இருக்கையும் இல்லை, வாக்கும் இல்லை. குடிப்பழக்கத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன என்பதால் வாடிக்கையாளர் என்ற உரிமையையும் நான் கோர முடியாது. இந்த ஊரில் பிறந்து, அலெக்சாண்ட்ரா சாலைப் பக்கம் வளர்ந்து, இன்றும் அங்கேயே ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிப்பவன் என்ற முறையில் மட்டுமே இந்த மடலை எழுதுகிறேன்.

ஜூலை மாதத்திலிருந்து நடந்தவற்றை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆசியா பசிபிக் புருவரீஸில் உங்களுக்கு உள்ள பங்கு ஒவ்வொன்றுக்கும் நெதர்லாந்தின் பீர் நிறுவனமான ஹைனெக்கன் முதலில் 50 சிங்கப்பூர் வெள்ளி என்றது, தாய்லாந்துத் தரப்பிலிருந்து ஒரு பகுதிக்கு 55 வெள்ளி என்று குரல் வந்தது, பிறகு ஹைனெக்கன் 53 வெள்ளிக்கு ஏறியது, கடந்த 18ஆம் தேதி இரு தரப்பினரும் தங்களுக்குள் உடன்பாடு கண்டுவிட்டார்கள். ஏறத்தாழ 5.6 பில்லியன் வெள்ளி கைமாறப் போகிறது. இந்த இரண்டு மாதங்களில் நான் படித்த செய்திகளில் பெரும்பாலும் விலையே பேசப்பட்டது. டைகர் தயாராகும் துவாஸ் ஆலை என்ன ஆகும், அங்கு வேலை செய்பவர்கள் என்ன ஆவார்கள் என்பதை வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் வகையில் எழுதிய ஒரு நிபந்தனை என் கண்ணில் படவில்லை. அதைத்தான் கேட்கிறேன். நீங்கள் விற்பதைத் தடுக்க நான் வரவில்லை. டைகர் தொடர்ந்து துவாஸில் தயாரிக்கப்படும் என்று கையெழுத்துடன் எழுதி வாங்கிய பிறகு விற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஹைனெக்கனை நான் அந்நியர் என்று ஒதுக்கவில்லை. 1931இல் அவர்களும் நீங்களும் சேர்ந்துதான், இன்று ஆசியா பசிபிக் புருவரீஸ் எனப்படும் மலாயன் புருவரீஸைத் தொடங்கினீர்கள். மறு ஆண்டே டைகர் வந்துவிட்டது. எண்பது ஆண்டுகள் இந்தக் கூட்டு நிலைத்ததற்கு இருவருடைய நற்குணம் மட்டும் காரணமன்று. அதன் பெரும்பான்மைப் பங்கை வைத்திருந்த கூட்டு நிறுவனத்தில் இருவரும் பாதிக்குப் பாதி இருந்தீர்கள். ஆலையை எங்கே வைப்பது, எங்கே மூடுவது என்பதை ஒருவர் மட்டும் தீர்மானிக்க முடியாது. மற்றவரின் சம்மதம் வேண்டும். அந்த மற்றவர் இந்த ஊர்க்காரராக இருந்தார் என்பதே எங்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. நீங்கள் விற்பது 39.7 விழுக்காட்டுப் பங்கு என்று ஆவணம் சொல்கிறது. அதனுடன், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் போகிறது. அதற்கு எவரும் விலை கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

என் அச்சம் வெறும் கற்பனையன்று. ஜூரோங்கில் உணவுப்பொருள் தயாரித்த ஓர் ஆலையில் பத்தொன்பது ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். அதன் பெயர் இங்கே தேவையில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அதை வாங்கிய வாரத்தில் எங்களையெல்லாம் கேண்டீனில் கூட்டினார்கள். எதுவும் மாறாது, இந்த ஆலைக்காகத்தான் உங்கள் நிறுவனத்தையே வாங்கினோம் என்று புதியவர்களின் பிரதிநிதி பேசினார். எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். சீனப் புத்தாண்டுக்கு வழக்கம்போல் அங்பாவ் என்ற பண உறை வந்தது, தீபாவளிக்கு முறுக்கு டப்பா வந்தது, எங்களுக்கும் நம்பிக்கை வந்தது. பதினான்காம் மாதத்தில், பொட்டலம் கட்டும் இயந்திரத்துக்கு ஒரு பேரிங்கும் இரண்டு பெல்ட்டும் கேட்டு நான் அனுப்பிய படிவம் ‘தற்போது தேவையில்லை’ என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்குப் பேரிங் தேவையில்லை என்று ஒருவர் எழுதினால் அதன் பொருள் என்ன என்று பராமரிப்புக்காரனுக்குத் தெரியும். அன்றிரவே என் மனைவியிடம் சொன்னேன். எட்டு மாதம் கழித்து இயந்திரங்கள் லாரியில் ஏறிக் கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குப் போயின. அவற்றின் போல்ட்டுகளைக் கழற்றிக் கொடுத்ததுதான் அந்த ஆலையில் நான் செய்த கடைசி வேலை.

அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்று. இழப்பீட்டுத் தொகையைக் கணக்குப் பிசகாமல் கொடுத்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒலியைக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, அதன் பிறகு கிடைத்த வேலை ஒரு கொண்டோமினியத்தின் வாசலில் பன்னிரண்டு மணி நேர இரவுக் காவல். கேண்டீனில் பேசியவர் பொய் சொன்னார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அன்று அவர் நம்பியதையே பேசியிருக்கலாம். அதற்குள் அவர் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எழுத்தில் எதுவும் இல்லாததால், அவருக்குப் பின் வந்தவர்களிடம் நாங்கள் எதைக் காட்டிக் கேட்பது என்று தெரியாமல் நின்றோம். இதனால்தான், வாய்மொழி உறுதி போதாது, எழுதி வாங்குங்கள் என்று மீண்டும் மீண்டும் சொல்கிறேன்.

டைகரைத் தயாரிக்க துவாஸ்தான் வேண்டும் என்ற கட்டாயம் இன்று இல்லை. வியட்நாமில் தயாராகிறது, மலேசியாவிலும் தயாராகிறது. நிலத்துக்கும் உழைப்புக்கும் செலவு மிகுந்த இந்தத் தீவில் ஓர் ஆலையை வைத்துக்கொள்வது, ஆம்ஸ்டர்டாமில் கணக்குப் பார்ப்பவருக்கு என்றாவது ஒருநாள் வீண் செலவாகத் தெரியும். அந்த நாளில் அவரிடம் எடுத்துச் சொல்ல இங்கே ஒரு சம பங்காளி இருக்கமாட்டார். ஒரு தாள் இருக்க வேண்டும்.

இப்படிக் கேட்பது உலகில் நடக்காததன்று. 2008இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த இன்பெவ், பட்வைசரின் உரிமையாளரான அன்ஹைசர்-புஷ் நிறுவனத்தை வாங்க வந்தபோது செயிண்ட் லூயிஸ் நகரமே கொதித்தெழுந்தது. மக்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். மிசூரி மாநில ஆளுநர் வெளிப்படையாக எதிர்த்தார். விற்பனையை அவர்களால் நிறுத்த முடியவில்லை. ஆனால் அமெரிக்காவில் இருந்த பன்னிரண்டு ஆலைகளும் மூடப்படமாட்டா, வட அமெரிக்கத் தலைமையகம் செயிண்ட் லூயிஸிலேயே இருக்கும் என்ற உறுதிமொழிகளைப் பெற்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஏறத்தாழ 1,400 வேலைகள் குறைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பன்னிரண்டு ஆலைகள் நான்கு ஆண்டுகள் கழித்தும் இயங்குகின்றன. பெயர் சொல்லி உறுதி பெற்றது நின்றது. பெறாமல் விட்டது கரைந்தது. நாம் அந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லையே என்பதுதான் என் மனத்தாங்கல்.

கேட்பதற்கு நமக்குக் காரணம் இல்லையா? என் தந்தை அலெக்சாண்ட்ரா சாலை ஆலையில் போத்தல் கழுவும் பிரிவில் இருந்தார். பீருக்கான மாவூறல் கொதிக்கும் வாசனை அவர் சட்டையிலேயே வீட்டுக்கு வரும். ஆலை 1990இல் துவாஸுக்குப் போனது, வாசனை போய்விட்டது. 1941இல் மலாயன் புருவரீஸுடன் சேர்ந்த ஆர்க்கிபெலாகோ புருவரி கம்பெனியின் பெயர் மட்டும், ஏபிசி என்ற முதலெழுத்துகளாக, ஏபிசி பிரிக்வொர்க்ஸ் உணவங்காடியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே மீ கோரெங் வாங்கும் பிள்ளைகளுக்கு அந்த மூன்றெழுத்து எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 1998இல் ஹனோயில் சசிகுமார் அடித்த ஒரே கோலால் சிங்கப்பூர் தென்கிழக்காசியக் கால்பந்துக் கிண்ணத்தை முதன்முறையாக வென்ற இரவில், எங்கள் புளோக்கின் கீழ்த்தளக் காப்பிக்கடையில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் மேசைமேல் ஏறி நின்று கத்தினோம். அந்தக் கிண்ணத்தின் பெயர் டைகர் கிண்ணம். மேசைமேல் நின்றவர்களில் பலர் வாழ்நாளில் பீரைத் தொடாதவர்கள்.

இந்த ஊரில் எதுவும் நிற்பதில்லை என்ற ஏக்கம் என்னைப் போன்றவர்களுக்கு இருக்கிறது. ஸ்டாம்ஃபர்ட் சாலையின் செங்கல் நூலகம் போனது, காலாங்கின் தேசிய விளையாட்டரங்கம் போனது, சென்ற ஆண்டு தஞ்சோங் பகாருக்கு ரயில் வருவது நின்றது. சாலைக்காக, நிலத்துக்காக, வளர்ச்சிக்காக என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னார்கள், நாங்களும் ஏற்றுக்கொண்டோம். இந்த முறை சொல்லப்படும் காரணம், பங்கு ஒன்றுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பது மட்டுமே. அதை மட்டும் ஏற்றுக்கொண்டு அமைதியாக இருக்க என்னால் முடியவில்லை. 1883ஆம் ஆண்டில் தொடங்கி ஐந்து தலைமுறைகளுக்குச் சோடா கொடுத்த ஒரு நிறுவனம், தன் கையில் இருப்பது வெறும் பங்குச் சான்றிதழ் அன்று என்பதை அறியாமல் இருக்க முடியாது.

என் சொற்களில் கடுமை ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் சபையினர் பங்குதாரர்களின் நலனைக் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதையும், நல்ல விலையை மறுப்பது எளிதன்று என்பதையும் நான் அறிவேன். நான் கேட்பது விலையில் ஒரு வெள்ளியையும் குறைக்காது. டைகர் தொடர்ந்து துவாஸில் தயாரிக்கப்படும். அந்த ஆலையை மூடுவதோ மாற்றுவதோ இத்தனை ஆண்டுகளுக்கு நடக்காது. அதன் பின்னும் முன்கூட்டி அறிவித்து, தொழிற்சங்கத்துடன் பேசாமல் எதுவும் செய்யப்படாது. இவ்வளவையும் ஹைனெக்கனிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். எத்தனை ஆண்டுகள் என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்.

அதற்கு நேரமில்லை என்று சபையினர் கருதினால், பங்குதாரர்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: வெள்ளிக்கிழமை அந்த மண்டபத்தில் உங்களில் ஒருவர் எழுந்து நின்று, துவாஸ் ஆலையைப் பற்றி எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கிடைக்கும் பதில் எதுவானாலும், அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லிவிட்டு வாக்களியுங்கள்.

பணிவுடன்,
அலெக்சாண்ட்ரா வட்டாரவாசி ஒருவர்