காய்ச்சல் விட்ட பிறகும் கையை விடாதவர்களுக்கு

எங்கள் ஊர்மக்களுக்கும், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் என் தம்பியைக் கவனித்த அனைவருக்கும் வணக்கம்.

டெங்குவில் விழுந்த தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். கஞ்சியும் பயறும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். ரப்பர் பால்வெட்டுக்குப் போக இன்னும் சில வாரங்கள் ஆகும். அதுவரை அவன் பார்த்துவந்த மரங்களைப் பக்கத்துத் தோட்டத்து அண்ணன்மார் முறைவைத்து வெட்டித் தருகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். பெயர் கேட்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கு. தம்பிக்குக் காய்ச்சல் விட்டு உடம்பு குளிர்ந்திருந்த காலையில், மழைக்கோட்டோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். காய்ச்சலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வயிறு வலிக்கிறதா, எத்தனை முறை வாந்தி எடுத்தாய், கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை. "டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். இப்போதே கிளம்புங்கள்" என்றார். அம்மா ரசம் கரைத்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு அக்காவே ஜீப்புக்கு ஆள் அனுப்பினார்.

மழையில் அழகியமண்டபம், தக்கலை வழியாக எங்களைக் கொண்டுசேர்த்த ஜீப்கார அண்ணாச்சி இன்றுவரை வாடகை வாங்கவில்லை. இரண்டு நாள் முன்னதாக, உடம்பு வலி தாங்காமல் தம்பி ஊசி போடக் கேட்டபோது, டெங்குவாக இருந்தால் அந்த மாதிரி வலி ஊசியால் இரத்தக்கசிவு வரலாம் என்று சொல்லி, பாராசிட்டமால் மட்டும் கொடுத்து அனுப்பிய மருந்துக்கடைத் தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறோம். வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்ல மனம் வேண்டும்.

அவசரப் பிரிவில் அவனைப் பார்த்த இளம் பெண் டாக்டரை எங்கள் குடும்பம் மறக்காது. அவன் விரல் நகத்தை அழுத்திப் பிடித்து, விட்டார். வெளுத்த நகத்தில் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும் என்றார். அவனுக்குத் திரும்பவில்லை. இரத்த அழுத்தம் 96-க்கு 80. மேல் எண் குறைவாகத் தெரியவில்லையே என்று கேட்டேன். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், அது இருபதுக்குக் கீழே வந்தால் உறுப்புகளுக்கு இரத்தம் போதாத அதிர்ச்சி நிலைக்கு உடல் போகிறது என்று பொருள் என்றார். கை வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்க, வாய் எங்களுக்கு விளக்கிக்கொண்டே இருந்தது. பதறி நிற்கிறவர்களுக்கு அந்த விளக்கமும் ஒரு சிகிச்சைதான்.

அவர் சொல்லித்தான் இந்த நோயின் போக்கு எங்களுக்குப் புரிந்தது. கடுமையான டெங்குவில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் தளர்ந்து, புது மண்பானை கசிவதுபோல, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. வைரஸ் வெளியிடும் என்.எஸ்.1 என்ற புரதமும், உடலின் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறி வேலை செய்வதும் சேர்ந்து அந்தச் சுவரைக் கெடுக்கின்றன. கசிந்த நீர் நுரையீரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் தேங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சிய இரத்தம் கெட்டியாகிறது. தம்பியின் இரத்தச் செறிவு, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 42 சதவீதத்திலிருந்து 52-க்கு ஏறியிருந்தது. ஸ்கேனில் வலப்பக்க நுரையீரலைச் சுற்றி நீர் தெரிந்தது, பித்தப்பைச் சுவர் வீங்கியிருந்தது. சுற்றிவரும் இரத்தம் குறைந்தால் முதலில் சிறுநீரகம் சுணங்கும். அக்கா ஏன் சிறுநீரைப் பற்றிக் கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது.

கல்லீரல் அடிபடுவதற்கு இரண்டு வழிகள் உண்டாம். இரத்த ஓட்டம் குறைவது ஒன்று. வைரஸே கல்லீரல் செல்களுக்குள் புகுந்து அழிப்பது மற்றொன்று. நாற்பதுக்குள் இருக்க வேண்டிய கல்லீரல் நொதி அவனுக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வகுத்த முறைப்படி, அந்த அளவு ஒன்றே கடுமையான டெங்கு என்று சொல்லப் போதும். அதனால் பாராசிட்டமாலையும் அளந்துதான் கொடுத்தார்கள். சிலருக்கு இதயத் தசை வீங்கும் என்று ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மூளை பாதிக்கப்பட்டால் நினைவு தடுமாறும் என்று அவனை அடிக்கடி எழுப்பிப் பெயரும் ஊரும் கேட்டார்கள். தெளிவாகச் சொன்னான். ஒவ்வொரு முறை அவன் "திருவட்டாறு" என்றபோதும் எனக்குத் தெம்பு வந்தது.

இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் பதினெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டன என்ற செய்தி ஊருக்கு எட்டியதும், இரத்தம் கொடுக்க இளைஞர்கள் பைக்குகளில் வந்து நின்றார்கள். கோயில் கமிட்டிப் பிள்ளைகள், சர்ச் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், பள்ளிவாசல் தெருப் பிள்ளைகள் என எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். தம்பிக்குத் தட்டணு ஏற்றவில்லை. சிலருக்கு இதில் வருத்தம் இருந்தது என்று கேள்விப்பட்டேன். இரத்தக்கசிவு இல்லாதபோது எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றுவதால் பயன் இல்லை என்று டாக்டர் சொன்னார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வும் அதைத்தான் காட்டியதாம். நீர்க்கசிவைக் கவனிப்பதும், எவ்வளவு நீர் ஏற்றுவது என்று கணக்கிடுவதும்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. தம்பிகளே, நீங்கள் கொடுத்த இரத்தம் அதே மருத்துவமனையில் யாரோ ஒருவருக்குப் போயிருக்கும். உங்களுக்கு எங்கள் நன்றி அதனால் எள்ளளவும் குறையவில்லை.

இரவுப்பணி சிஸ்டர்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். தம்பிக்கு அறுபது கிலோ எடை. மணிக்குக் குறைந்தது 30 மில்லி சிறுநீர் இறங்க வேண்டும். வயதில் மூத்த சிஸ்டர் ஒருவர் மணிக்கொரு முறை குனிந்து, டார்ச் வெளிச்சத்தில் பையின் கோடுகளைப் படித்து, கட்டிலின் காலடியில் தொங்கிய தாளில் எழுதினார். பத்து, பிறகு பதினைந்து, பிறகு மறுபடியும் பத்து. விடியும் நேரத்தில் முப்பத்தைந்து என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். "இனி நீ கொஞ்சம் படு மோளே" என்றார். அந்த வார்டில் அவருக்கு உட்கார நேரம் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

நீர் ஏற்றியதைப் போலவே, அதைச் சரியான நேரத்தில் குறைத்ததும் பெரிய காரியம். கசிவு ஒன்று இரண்டு நாளில் நின்றுவிடும். வெளியே போன நீர் தானாகவே இரத்தக் குழாய்களுக்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் வேகமாக ஓடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். உறவினர்கள் பாட்டிலை எடுக்கவேண்டாம் என்று கெஞ்சியபோதும் பெரிய டாக்டர் கோபப்படாமல், காரணம் சொல்லிக் குறைத்தார். மறுநாள் தம்பியின் கால்களில் சிவப்புத் தடிப்பும் நடுவே வெள்ளைத் திட்டுகளுமாகத் தோன்றி அரிப்பெடுத்தது. குணமாகும்போது வருவது இது என்று அவர் சிரித்ததைப் பார்த்துத்தான் அம்மா அன்று சாப்பிட்டார்.

வார்டைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த அக்காக்களுக்கும், அம்மாவுக்குத் தினமும் வெந்நீர் கொடுத்த பக்கத்துக் கட்டில் குளச்சல்காரர்களுக்கும், வீட்டில் பசுவைப் பார்த்துக்கொண்ட மாமிக்கும் நன்றி.

பேரூராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் ஏற்கெனவே வீடு வீடாகத் தொட்டி பார்த்துப் போனவர்கள்தான். தம்பி ஊர் திரும்பிய வாரம் தோட்டத்துக்குள்ளும் வந்தார்கள். மழைக்கு வெட்டு நிறுத்திய மரங்களில் நிமிர்ந்திருந்த, பால் பிடிக்கும் சிரட்டைகளில் (தேங்காய் ஓடுகளில்) கொசுப்புழு நெளிவதை எங்களுக்குக் காட்டினார்கள். ரப்பர் தோட்டத்துச் சிரட்டை, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டையிலிருந்து கொசுவாக வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனவரை இன்னொரு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. இந்த மழையில் காய்ச்சல் கண்டு எழுந்தவர்கள் எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். இதைக் கேட்டதும், யாரும் சொல்லாமலே தங்கள் தோட்டத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்த தோட்டக்காரர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கடைசியாக ஒன்று. சிகிச்சைக்கென்று ஊரார் சேர்த்துத் தந்த பணத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. அரசு மருத்துவமனையில் எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. கொடுத்தவர்களின் பட்டியலும் செலவுக் கணக்கும் நூலகப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். மீதியில் காய்ச்சல் வார்டுக்குக் கொசுவலைகள் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறோம். உங்கள் பங்கைத் திருப்பி வாங்கிக்கொள்ள விரும்பினால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
தம்பியின் அக்காவும் அம்மாவும்
திருவட்டாறு