ரோசிட்ஸ்கியைப் பற்றி உனக்கு

அன்பு மகளே,

முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் தோழி சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஆனால், "திரும்பி ஆட ஒரு வருடம் ஆகுமாம், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் அம்மா" என்று நீ சொன்னது மனத்தைவிட்டு அகலவில்லை. நீயும் கால்பந்தில் நடுக்களத்தில் ஆடுகிறவள் என்பதால் செக் நாட்டு வீரர் தொமாஷ் ரோசிட்ஸ்கியைப் பற்றி எழுதுகிறேன்.

பிராகில் பிறந்து, அந்த ஊரின் ஸ்பார்ட்டா கிளப்பில் வளர்ந்து, இருபது வயதில் ஜெர்மனியின் டார்ட்முண்ட் கிளப்புக்குப் போனவர். 2002இல் ஜெர்மன் லீக் பட்டம். 2006 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராக வெகு தொலைவிலிருந்து அவர் அடித்த கோலைத் தேடிப் பார். அதே கோடையில் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்பில் சேர்ந்தார். பந்து காலுக்கு வந்ததும் எதிரணியின் கோலை நோக்கித் திரும்பிவிடுவார். பாதத்தின் வெளிப்பக்கத்தால் அவர் தரும் பாஸ் இருக்கிறதே, அதன் அழகை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2008 ஜனவரியில், நியூகாசிலுக்கு எதிராக, எஃப்.ஏ. கோப்பை என்ற இங்கிலாந்துப் போட்டியின் ஆட்டத்தில் காயம். முதலில் சில வாரங்கள் என்றார்கள். கடைசியில் இருபது மாதங்களுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஆண்டு ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ போட்டியில் செக் அணி துருக்கியை 2-0 என முந்தியிருந்தும் 3-2 எனத் தோற்று வெளியேறியது. அணித் தலைவரான அவர் களத்திலேயே இல்லை. எந்தத் தேதியும் கையில் இல்லாமல் தினமும் காலைப் பழக்கிக்கொண்டிருந்த அந்த மாதங்களைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன்.

2009 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஒரு கோலும் அடித்தார். ஆர்சனல் அன்று தோற்றது. எனக்கு அந்தக் கோல் போதும்.

காயங்கள் அதோடு விட்டுவிடவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். ஆர்சனலில் அவருடைய கடைசிப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டம்தான். "காயம் மட்டும் இல்லாதிருந்தால்" என்று அவரைப் பற்றிப் பலரும் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிப்பதில்லை. நாட்டுக்காக 105 ஆட்டங்கள் ஆடியவரை, ஆடாத ஆட்டங்களை வைத்தா எடை போடுவது? பிறகு ஸ்பார்ட்டாவுக்கே திரும்பி ஆடி ஓய்வு பெற்று, அங்கேயே விளையாட்டு இயக்குநரானார். ஒன்பது ஆண்டுகளாகக் கிட்டாத லீக் பட்டம் 2023இல் வந்தது, அடுத்த ஆண்டும் வந்தது.

ஒரு வருடம் கழித்து நீ எப்படி ஆடுவாய் என்று எனக்கும் தெரியாது, உன் மருத்துவருக்கும் தெரியாது. இந்த வாரம் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை மட்டும் எழுது. பிசியோ சொன்ன பயிற்சியை வலிக்கிறது என்று பாதியில் விடாதே, சீக்கிரம் தேறவேண்டும் என்று கூட்டியும் செய்யாதே. அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு வருகிறேன். உன் அறையில் இன்னொருவர் தங்க விடுவார்களா என்று கேட்டு வை.

அன்புடன்,
அம்மா