மச்சான் கொடுத்த பணம்

அன்புள்ள மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நீ மாடிப்படி ஏறுவதாக மூக்கன் சொன்னான், சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

போன மாதம் வீட்டுப் பத்திரத்தைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். அடியில், உன் தங்கச்சியின் கல்யாணப் புடவை மடிப்புக்குள் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. அடகுக் கடைக்கு வட்டி கட்டிய சீட்டுகள். 1998, 1999, 2000. எனக்கு மஞ்சள் காமாலை வந்து சம்பளமில்லாமல் மூன்று மாதம் கிடந்தேனே, அதே சமயம்தான். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தன் கூடப்பிறந்த அண்ணன் கொடுத்தார் என்றுதான் அப்போது சொன்னாள். நகையை வைத்திருக்கிறாள். புடவைக்கு ஃபால்ஸ் அடித்து, ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்து, சிறுவாடு சேர்த்து, மூழ்காமல் மீட்டும் விட்டாள். அந்த அண்ணனுக்கு நான் போட்ட கும்பிடு கொஞ்சமா? அவர் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் சாம்பார் வாளி தூக்கியிருக்கிறேனடா! மனுஷன் வாயே திறக்கவில்லை.

அது போகட்டும். சீட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “இது வேற யாருக்குத் தெரியும்?” அவள் பதில் சொல்லவில்லை. குக்கரை அணைக்கப் போய்விட்டாள்.

ராத்திரி தூக்கமில்லை. இதே குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று குடைந்தது. விடியற்காலையில்தான் பொறி தட்டியது. ‘பொம்மை வீடு’! கல்லூரியில் நாம் போட்ட நாடகம், நார்வேக்காரர் இப்சன் எழுதியது. அதில் நோராவின் புருஷன் ஹெல்மர் நான்தானே. கடிதத்தைப் பெட்டிக்குள் போடச் சொன்னால் பெட்டிக்குப் பின்னால் போட்ட க்ரோக்ஸ்டாட், அவளுக்குக் கடன் கொடுத்தவன், நீ. பரணிலிருந்து புத்தகத்தை இறக்கி இரண்டு தடவை படித்துவிட்டேன்.

அந்த வயதில் நமக்கு என்னடா புரிந்தது? கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகிற பெண்ணின் கதை என்று நினைத்தோம். புருஷனைப் பிழைக்க வைக்க இத்தாலிக்குக் கூட்டிப்போகிறாள் நோரா. கடன் 1,200 வெள்ளி டாலர். பெண்டாட்டி புருஷன் சம்மதமில்லாமல் கடன் வாங்க முடியாது என்று தோழி லிண்டே முதல் அங்கத்திலேயே சொல்கிறாள், நாம் அதைக் கவனித்தோமா? கல்யாணமான பெண்ணுக்குத் தன் சொத்தின் மேல் உரிமை நார்வேயில் 1888இல்தான் வந்தது. நாடகம் மேடையேறியது 1879 டிசம்பரில். அதனால் ஜாமீனுக்கு அப்பாவின் கையெழுத்தை இவளே போடுகிறாள். அப்பா செத்தது செப்டம்பர் 29, கையெழுத்தின் தேதி அக்டோபர் 2. செத்த மனுஷனைத் தேதி போட வைத்த அந்த அவசரத்தை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் பிசைகிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று புருஷன் நம்புகிறான்? அப்பா கொடுத்தாராம். படிக்கும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசி.

கடனை அடைக்க ஒரு கிறிஸ்துமஸுக்கு முன் மூன்று வாரம் அறையைப் பூட்டிக்கொண்டு ராத்திரி ராத்திரியாக நகல் எழுதுகிறாள். மரத்துக்கு அலங்காரம் செய்கிறேன் என்று சாக்கு. கடைசியில் அலங்காரம் எங்கே என்றால், பூனை கிழித்துவிட்டதாம்! ஆனால் அந்த வேலையைப் பற்றித் தோழியிடம் சொல்லும்போது ஒரு வார்த்தை விடுகிறாள், கிட்டத்தட்ட ஆம்பளை மாதிரி இருந்தது என்று. ஃபால்ஸ் அடித்த நாட்களில் இவளுக்கும் அப்படி இருந்திருக்குமா? கேட்க வாய் வரவில்லை.

இப்போது எனக்கு உறுத்துவது நோராவின் பொய் இல்லை, கள்ளக் கையெழுத்தைப் போட்டு உடைத்து க்ரோக்ஸ்டாட் எழுதிய கடிதத்தைப் படித்த பிறகு ஹெல்மர் பேசுகிற பேச்சு. பொய்க்காரி, குற்றவாளி, குழந்தைகளை இவளிடம் விட முடியாது. ஆனால் வெளியே தெரியாமல் மூடி மறைக்க வேண்டும், ஊருக்கு முன்னால் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும். அடுத்த நிமிஷமே கடன் பத்திரம் திரும்பி வந்ததும் “நான் தப்பித்தேன்” என்று குதிக்கிறான். “நான்?” என்கிறாள் அவள். “நீயும்தான்.” இந்த “நீயும்தான்” இருக்கிறதே, அதில்தான் எட்டு வருஷக் குடித்தனமும் கிடக்கிறது.

இந்தக் கதைக்கு மூலமான லாரா கீலர் பாடு இன்னும் மோசம். இப்சனுக்குத் தெரிந்த பெண். காசநோய்ப் புருஷனுக்காக ரகசியமாகக் கடன் வாங்கி, அடைக்க வழியில்லாமல் கள்ளக் கையெழுத்துவரை போனாள். விஷயம் தெரிந்ததும் புருஷன் பிள்ளைகளைப் பிரித்து அவளை மனநோய் விடுதிக்கு அனுப்பினான். அப்புறம் அவனிடமே திரும்பியும் போனாள். கதவைச் சாத்த அவளுக்கு ஏது கதவு? முன்பே உதவி கேட்டவளுக்கு, எல்லாவற்றையும் புருஷனிடம் சொல்லிவிடு என்று இப்சன் புத்திமதி எழுதினாராம். பெரிய மனுஷன்தான், ஆனால் அந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது.

ஜெர்மனியில் ஒரு நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகிற மாதிரி நடிக்க மாட்டேன் என்றதால் இப்சனே வேறு முடிவு எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. நம் கல்லூரியில் அந்தத் தொல்லையும் இல்லை. பெரியவர் கடைசிப் பேச்சையே வெட்டச் சொல்லிவிட்டாரே, “உன்னை மன்னித்துவிட்டேன்” என்று நான் சொன்னதும் திரை. கைதட்டல் காதைப் பிளந்தது, ஞாபகம் இருக்கிறதா? நோரா வாயைத் திறப்பதே அதற்கப்புறம்தான்.

என்ன புத்தகம் என்று உன் தங்கச்சி கேட்டாள். ராத்திரிக்கு ஓர் அங்கமாகக் கதை சொல்லி வருகிறேன். பூனை வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். “அவ பூனை மேல போட்டா, நான் எங்கண்ணன் மேல போட்டேன்” என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. நேற்று இரண்டாம் அங்கம் முடிந்தது. இன்றைக்கு மூன்றாவது, வெட்டாமல் சொல்ல வேண்டும். இப்போது மணி ஏழரை. அடுக்களையில் தோசை வார்க்கும் சத்தம் கேட்கிறது.

என் தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பதில் போடு. இந்தத் தடவையாவது பெட்டிக்குள் போடு.

உன்,
பழைய ஹெல்மர்