கிராஞ்சியில் புல் வெட்டிக்கொண்டிருந்த தம்பிக்கு

இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் காணாமல் போன தாத்தாவின் பெயர், அங்குள்ள போர் நினைவுச்சின்னத்தில் கிடைத்துவிட்டது. விவரம் கேட்டு அழைத்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா இன்னும் அழுவதும் சிரிப்பதுமாகத்தான் இருக்கிறார்.

முதல் நன்றி, சிங்கப்பூர் கிராஞ்சி போர்க் கல்லறையில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பிக்கு.

அங்கே போனவர்களுக்குத் தெரியும். உடல் கிடைத்தவர்களுக்குச் சரிவில் வரிசையாக நடுகற்கள். அவற்றிலும் 850க்கு மேல் யாருடையவை என்று தெரியாதவை. உடலே கிடைக்காத 24,000க்கும் அதிகமானோர் மேட்டின் உச்சியில், நினைவுச்சின்னத்துத் தூண்களில் வெறும் பெயர்களாக இருக்கிறார்கள். படைப்பிரிவு, பதவி, அப்புறம் பெயர் என்று வரிசை. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் இருந்த தாத்தாவின் பெயர் எங்கள் தலைக்கு மேலே போய் உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். "போன்ல பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார்.

பக்கத்தில் மெஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் காதில் இது விழுந்திருக்கிறது. "எந்தப் பேரும்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கையைக் கால்சட்டையில் நன்றாகத் துடைத்தார். என் கையிலிருந்த தாளை வாங்கித் திருப்பிக் கல்லின்மேல் வைத்து, முன்கையால் அழுத்திப் பிடித்து, குதிகாலைத் தூக்கி நின்றபடி ஒரு துண்டுப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க ஆரம்பித்தார். கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழும்பி வந்தன. கடைசி எழுத்து சரியாக விழவில்லை என்று அதைமட்டும் மறுபடி தேய்த்தார். தாளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "என்ன வயசும்மா அவருக்கு?" என்றார். 23 என்றதும், "என்னைவிடச் சின்னவரு."

அம்மா அவரை அதோடு விடுவாரா? கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளை இருக்கிறதா, வாரம் தவறாமல் வீட்டுக்குப் பேசுகிறாயா என்று ஒரே விசாரணை. அதற்குள் யாரோ கூப்பிட, பெயரைக்கூடச் சொல்லாமல் ஓடிவிட்டார்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். பெயரை விடு, படை எண்ணை வைத்துத் தேடு என்று வழிகாட்டிய ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா, பழைய கடிதங்களைப் பரணிலிருந்து இறக்கித் தந்த பெரியப்பா வீட்டார், அம்மாவைக் கைத்தாங்கலாக மேடேற்றிய நண்பரின் பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தபோது பல்லாயிரம் இந்திய வீரர்கள் கைதிகளானார்கள். அவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், பலரை நியூகினிவரை கப்பலேற்றினார்கள். அதனால் ஊரில் யார் எந்தக் கதை சொன்னாலும் நம்ப இடமிருந்தது. பாட்டி எல்லாவற்றையும் நம்பினார். தாத்தாவை இறந்தவர் என்று சொல்ல யாரையும் விட்டதில்லை. இப்போது கிடைத்த பதிவிலும் அதே பிப்ரவரி 15 தான் இறந்த தேதி. உண்மையில் அன்றுதானா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் 'இன்னாரின் கணவர்' என்று பாட்டியின் பெயரும் அந்தப் பதிவில் இருக்கிறது. அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வது அந்த வரியைத்தான்.

இனி இப்படித் தேடுகிறவர்களுக்கு என்னால் ஆனதைச் செய்யப்போகிறேன். படை எண், படைப்பிரிவு, தகப்பனார் பெயர், இவற்றில் எது இருந்தாலும் அனுப்புங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடித் தருகிறேன். பர்மாவில் காணாமல் போனவர் என்றால் யாங்கோனுக்கு அருகில் தௌக்யானில் இருக்கும் நினைவுச்சின்னத்தில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் இருக்கின்றன, அங்கேயும் பார்க்க வேண்டும். தாத்தாவின் பெயருக்கு மேலும் கீழும் உள்ள சாப்பர்களின் பெயர்களையும் படம் எடுத்து வந்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது அந்தப் படையில் இருந்தார் என்றால் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.