உட்ரெக்ட்டிலிருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நெதர்லாந்தில் இந்த உட்ரெக்ட் ஊரில் எல்லோரும் சைக்கிளிலேயே போவது மேடு பள்ளம் இல்லாததாலா என்று கேட்டிருந்தீர்கள். அது மட்டும் காரணமென்றால் நம்ம கும்பகோணத்திலும் எல்லோரும் சைக்கிளில்தானே போகவேண்டும்? தாராசுரம் வரைக்கும் ஏற்றம் ஏது?

ஒரு காலத்தில் இங்கேயும் கார் வைத்ததுதான் சட்டம். 1971இல் மட்டும் நெதர்லாந்துச் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 400 பேருக்கு மேல் குழந்தைகள். பெற்றவர்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள், 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. சைக்கிளுக்கென்று தனிப்பாதைகள் பெருகியது அதற்குப் பிறகுதான். உட்ரெக்ட்டில் பழைய அகழியில் ஒரு பகுதியைத் தூர்த்துப் பெரிய ரோடு போட்டிருந்தார்கள். அதை மறுபடி தோண்டி 2020இல் தண்ணீர் விட்டுவிட்டார்கள். நம்மூர் வாய்க்கால்களுக்கும் ஒருநாள் அப்படி விடியவேண்டும்.

பாதையைவிட ஸ்டாண்டுதான் முக்கியம் என்பேன். ரயில் நிலையத்தை ஒட்டி, ஒரு சதுக்கத்துக்கு அடியில் மூன்று தளங்களில் 12,500 சைக்கிள் நிற்கும். இறங்காமலே உள்ளே ஓட்டிப் போகலாம். முதல் 24 மணி நேரத்துக்குக் காசு இல்லை. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு சைக்கிளுக்கு 65 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளம் விட்டால் போதும். நெருக்கினால் ஹேண்டில்பார் சிக்கும், ஒன்றை இழுத்தால் நாலு சாயும். முன்சக்கரம் ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றி நிறுத்தினால் 37.5 செ.மீ.யே போதும். 2028 மகாமகத்துக்குள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இப்படி ஒன்று வந்தால் கடைத்தெரு நெரிசல் எவ்வளவோ குறையும். கூரை கட்டாயம் வேண்டும். இங்கே மழைக்கு, அங்கே வெயிலுக்கு.

வெயிலில் முதலில் கெடுவது வால்டியூப், அதாவது வால்வுக்குள் காற்றைத் தடுக்கும் சின்ன ரப்பர் குழாய். ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளும், பிறகு வெடிப்பு விடும், ராத்திரியோடு காற்று இறங்கிவிடும். பஞ்சர் என்று டியூபைக் கழற்றுவதற்கு முன் வால்வு வாயில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் கோளாறு அங்கேதான். அடிக்கடி காற்றடித்து அலுத்துத்தான் பாதிப்பேர் சைக்கிளைத் திண்ணையில் சாத்திவிட்டு மொபெட் வாங்குகிறார்கள். இங்கேயும் பெரும்பாலும் நம்ம வால்வுதான், அதே மரை. ஆனால் உள்ளே ரப்பர் குழாய் இல்லை, சின்ன அடைப்பான் ஒன்று இருக்கிறது. அதனால் பம்பும் லேசாக இறங்குகிறது.

இன்னொன்று செயின். இங்கே ஊர் சைக்கிள்களில் செயினை முழுக்க மூடிய கேஸ் உண்டு, மழையும் மண்ணும் படாது, துணியும் மாட்டாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலவச சைக்கிள் உங்கள் சைக்கிள் கடைக்கு வந்தால் அரைக் கேஸோடு விடாதீர்கள், முடிந்தால் முழுக் கேஸ் போட்டுக் கொடுங்கள். செயினை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆடவேண்டும். அதைவிட இறுக்கினால் பிரீவீல் (பின்சக்கரப் பல்சக்கரம்) தேயும், தளர்ந்தால் கழன்று விழும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண்ணைச் சேர்த்துப் பிசினாகிவிடும். மிஷின் எண்ணெய் விட்டுத் துடைத்துவிடுங்கள்.

சீட்டையும் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். தாழ்வாக இருந்தால் முட்டி வலிக்கும், பிள்ளை பஸ்ஸுக்குப் போய்விடும்.

அடுத்த பார்சலில் இந்த ஊர் வால்வு பத்து அனுப்புகிறேன். முதலில் பழைய டியூப் ஒன்றில் போட்டுப் பார்த்து, எத்தனை நாள் காற்று நிற்கிறது என்று எழுதுங்கள். சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்