வெளுத்த மக்காச்சோளமும் இன்னொரு மூட்டை யூரியாவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மக்காச்சோளம் வெளுத்தால் யூரியா போடு, வாடினால் தண்ணீர் விடு. எங்கள் பேரையூர் பக்கம் பெரும்பாலும் இவ்வளவுதான் வைத்தியம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, மற்ற உரங்களைப் பார்த்தால் இது ஒன்றுதான் கட்டுப்படியாகிற விலை, அதனால் கை தானாக அதற்கே போகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

போன பட்டத்தில், விதைத்து இருபத்தைந்து நாள் ஆன செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். குருத்து கிட்டத்தட்ட வெள்ளை. இலையில் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் வெளுத்த பட்டை. வேர் ஒரு சாண் கூட இறங்காமல் கட்டியில் முட்டி, பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. உரக்கடையில் காட்டினால், "இன்னும் ஒரு மூட்டை விடுங்கண்ணே" என்றார்கள். பக்கத்துக் காட்டுப் பெரியவர்தான், "இது யூரியாப் பசி இல்லப்பா, மண்ணை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்" என்றார்.

சோதித்தால் களர். இந்த மண்ணில் சோடியம் ஏறி, களிமண் கரைந்து, காற்றும் தண்ணீரும் இறங்கும் வழியை அடைத்துவிடுகிறது. தண்ணீர் விட்டால் கலங்கலாக மேலேயே நிற்கும், காய்ந்தால் கடப்பாரை வேண்டும். துத்தநாகம் மண்ணில் இருந்தாலும் செடிக்கு எட்டாது, குருத்து வெளுத்தது அந்தப் பசியில்தான். மேலே தூவிய யூரியாவிலும் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும், அதாவது நாம் காசு கொடுத்து வாங்கிக் காற்றுக்குப் போடுகிறோம். முழங்கால் உயரம்கூட வராத மக்காச்சோளம் தேங்கிய தண்ணீரைத் தாங்காது என்பதையும் மறந்து, வாடுகிறதே என்று மேலும் மேலும் பாய்ச்சினேன். அதுவும் உப்புப் போர்வெல் தண்ணீரை!

உவர் என்கிற உப்பு மண் வேறு, களர் வேறு. வெள்ளையாகப் பூத்திருந்தால் பெரும்பாலும் உவர், அதற்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அங்கே பாரின், அதாவது வரிசையாக மண் அணைத்த மேட்டின், உச்சியில் விதைக்கக் கூடாது, உப்பு எல்லாம் உச்சியில்தான் வந்து சேரும், பக்கச் சரிவில் ஊன்றினால் செடி தப்பும். களருக்கு ஜிப்சம் வேண்டும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். அதைப் போட்டு உழுது, தண்ணீர் கட்டி வடித்தால்தான் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளி வெளியேற்றும்.

அப்புறம் உரம். இறவை வீரிய ஒட்டு ரகத்துக்கு ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து என்கிறார்கள், அதை ஒரே தடவையில் கொட்டாமல் அடியுரமாகக் கால் பங்கு, 25ஆம் நாள் பாதி, 45ஆம் நாள் மிச்சம் என்று பிரித்து, மண்ணால் மூட வேண்டும். துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 15 கிலோ, மணலோடு கலந்து தனியாக. மணிச்சத்து உரமான டிஏபியோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், செடிக்குச் சரியாகக் கிடைக்காது. தண்ணீரை மிச்சம் பிடித்து, கதிரில் நூல் விடும் நேரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. அப்போது காய்ந்தால் மணி பிடிக்காது.

சரி, இதெல்லாம் தெரிந்த பிறகு நான் ஜிப்சம் கேட்டு அலைந்தேன். கிடைத்தபோது செடி இடுப்பளவு. அதை என்ன செய்வது? மூட்டை இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது. புரட்டாசியில் விதைக்கிற ஊருக்கு, ஆடிக்கு முன்பே, கோடை உழவு நேரத்திலேயே ஜிப்சம் வந்து சேர்ந்தால்தான் பயன். மண் முடிவும் அதற்கு முன்பே கைக்கு வர வேண்டும், மண்ணோடு போர்வெல் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீரைப் பார்க்காமல் மண்ணை மட்டும் திருத்தினால், மோட்டார் போட்ட இரண்டே வருஷத்தில் திரும்ப அதே கதைதான். வேளாண் துறை இதைக் கவனிக்குமா?

திண்ணையில் இருக்கிற ஜிப்சத்தை இந்தக் கோடையில் கிழக்குப் பக்கத்து அரை ஏக்கருக்கு மட்டும் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மக்காச்சோள விவசாயி,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.